பூட்டப்பட்ட சர்வர் செயலியை மேசைக்கணினித் தாய்ப்பலகையில் ஓவர்கிளாக் செய்வதிலுள்ள சிக்கல்கள்

ஓவர்கிளாக்கிங் என்பது ஒரு செயலியை அதன் தயாரிப்பாளர் குறித்துள்ள கடிகார வேகத்திற்கு மேல் இயக்குவதாகும். தமிழில் இதனை மிகைவேகப்படுத்தல் எனலாம். இன்டெல் நிறுவனத்தின் ஜியான் வரிசையில் வரும் சர்வர் செயலிகளில் பெரும்பாலானவற்றின் வேகப் பெருக்கி ஆலையிலேயே பூட்டப்பட்டுள்ளது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றப்பட்ட இச்செயலிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதால், அவற்றைச் சாதாரண மேசைக்கணினித் தாய்ப்பலகையில் பொருத்தி வேகத்தைக் கூட்டப் பலர் முயல்கின்றனர்.

இம்முயற்சி எந்த அளவு பலன் தரும் என்பது செயலியின் விலையையோ கருக்களின் எண்ணிக்கையையோ பொறுத்ததன்று. அடிப்படைக் கடிகாரத்துடன் கணினியின் வேறு எந்தெந்த உறுப்புகள் பிணைக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது. 2010 வரை வெளிவந்த பல செயலிகளில் 20 முதல் 50 விழுக்காடு வரை வேகத்தைக் கூட்ட முடிந்தது. 2011க்குப் பின் வந்த பெரும்பாலானவற்றில் அது 3 முதல் 5 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது.

தருமபுரியில் இக்கேள்வி எழும் சூழல்

தருமபுரி நகரம் சேலத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தொலைவிலும், பெங்களூரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலும், தேசிய நெடுஞ்சாலை 44இல் அமைந்துள்ளது. பெங்களூரின் எஸ்.பி. சாலையும் சென்னையின் ரிச்சி தெருவும் கணினி உறுப்புகளுக்குப் பெயர் பெற்ற சந்தைகள். நிறுவனங்களும் தரவு மையங்களும் தங்கள் சர்வர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்போது, கழிக்கப்பட்ட இயந்திரங்களின் செயலிகளும் நினைவகப் பலகைகளும் இத்தகைய சந்தைகள் வழியாகவும் இணைய விற்பனைத் தளங்கள் வழியாகவும் மறுவிற்பனைக்கு வருகின்றன.

பொறியியல் அல்லது கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவருக்கு இது ஈர்ப்பான வாய்ப்பு. புதிய மேசைக்கணினிச் செயலியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு 6, 8 அல்லது 12 கருக்கள் கொண்ட சர்வர் செயலி கிடைக்கிறது. ஆனால் சர்வர் செயலிகள் பொதுவாகக் குறைந்த கடிகார வேகத்தில் இயங்குபவை. ஆகவே "வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தில் வாங்குவோர் உண்டு. வாங்கிய பின் அவ்வாறு கூட்ட முடியாது எனத் தெரிந்தால், மாற்றிக்கொள்ள மீண்டும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ பயணம் செய்ய வேண்டியிருக்கும். பழைய உறுப்புகளுக்கு உத்தரவாதமும் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே எந்தத் தலைமுறைச் செயலி எதற்கு இடம் தரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

கடிகார வேகம் உருவாகும் முறை

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கற்பலன் ஆகும்:

செயலியின் வேகம் = அடிப்படைக் கடிகாரம் × பெருக்கி

எடுத்துக்காட்டாக, அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 33 எனில் செயலி 3,300 மெகாஹெர்ட்ஸில், அதாவது 3.3 கிகாஹெர்ட்ஸில் இயங்கும். இதனைக் கூட்ட இரண்டே வழிகள் உள்ளன.

முதல் வழி, பெருக்கியை உயர்த்துவது. 33ஐ 40 ஆக்கினால் செயலி 4.0 கிகாஹெர்ட்ஸில் இயங்கும். இதில் கணினியின் பிற உறுப்புகள் எதுவும் பாதிக்கப்படுவதில்லை.

இரண்டாம் வழி, அடிப்படைக் கடிகாரத்தை உயர்த்துவது. இக்கடிகாரம் செயலிக்கு மட்டும் உரியதன்று. நினைவகம், செயலிக்கும் சிப்செட்டுக்கும் இடையிலான இணைப்பு, சில தலைமுறைகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யுஎஸ்பி ஆகியவையும் இதிலிருந்தே தங்கள் வேகத்தைப் பெறுகின்றன. ஒரு கிணற்று மோட்டாரிலிருந்து பல வயல்களுக்கு நீர் பாய்வதைப் போன்றது இது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டினால் நாம் விரும்பிய வயலுக்கு மட்டுமன்றி எல்லா வாய்க்கால்களிலும் நீர் ஏறும். கரை பலமில்லாத வாய்க்கால் முதலில் உடையும்.

"பூட்டு" என்பதன் பொருள்

பூட்டப்பட்ட செயலி என்பது, பெருக்கியின் உச்ச அளவு சில்லினுள்ளேயே நிலைநிறுத்தப்பட்ட செயலியாகும். பயாஸ் அமைப்பில் பெருக்கியைக் குறைக்கலாம். குறிக்கப்பட்ட உச்சத்திற்கு மேல் ஏற்ற முடியாது. தாய்ப்பலகை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் இது மாறாது.

1990களின் பிற்பகுதியில் இன்டெல் பெருக்கிகளைப் பூட்டத் தொடங்கியது. குறைந்த வேகச் செயலிகளின் மேல் அதிக வேகத்தைக் குறிக்கும் பொய்யான குறியீட்டைப் பொறித்து விற்ற வணிகர்களைத் தடுப்பது அதற்கொரு காரணமாக இருந்தது. பின்னாளில் பூட்டு என்பது விலைப் பிரிவினையின் கருவியாகவும் ஆனது. மேசைக்கணினி வரிசையில் பெயரின் இறுதியில் "கே" அல்லது "எக்ஸ்" என்ற எழுத்துடைய செயலிகள் பூட்டில்லாதவையாகத் தனியே விற்கப்பட்டன. சர்வர் செயலியைப் பொறுத்தவரை வேறொரு காரணமும் உண்டு. அது ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் பிழையின்றி இயங்க வேண்டியது. அதற்கான வேகமும் மின்னழுத்தமும் சோதித்து உறுதி செய்யப்பட்டவை.

ஜியான் வரிசையில் பூட்டில்லாத சிலவும் உள்ளன. இ5-1650, இ5-1660, இ5-1680 வி2 போன்ற ஒற்றைச் செயலிப் பணிநிலையங்களுக்கான வகைகள் அவற்றுள் அடங்கும். 2023இல் வெளிவந்த டபிள்யூ-3495எக்ஸ் போன்றவையும் பூட்டில்லாதவை. ஆனால் அவற்றுக்கென்றே உருவான விலையுயர்ந்த தாய்ப்பலகை வேண்டும். பழைய சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் இ5-2600 வரிசையும் இ3-1200 வரிசையும் பூட்டப்பட்டவை.

தலைமுறை வாரியாக நிலைமை

எல்ஜிஏ 771 மற்றும் எல்ஜிஏ 775

2007இல் வெளிவந்த ஜியான் இ5450, நான்கு கருக்கள் கொண்ட 3.0 கிகாஹெர்ட்ஸ் செயலி. சர்வர்களுக்குரிய எல்ஜிஏ 771 பொருத்துவாயில் பொருந்துவது. இதன் உட்கட்டமைப்பு மேசைக்கணினியின் கோர் 2 குவாட் கியூ9650 செயலியை ஒத்தது. செயலியின் அடியில் சிறு ஒட்டுவில்லை ஒன்றை ஒட்டி இரண்டு மின்தொடர்புகளை இடம் மாற்றி, பொருத்துவாயின் முனைத் தடுப்புகளையும் வெட்டிவிட்டால், எல்ஜிஏ 775 தாய்ப்பலகையில் இது இயங்கும். பயாஸில் இச்செயலிக்குரிய நுண்நிரல் (மைக்ரோகோட்) இருப்பதும் தேவை.

இதன் பெருக்கி 9, அடிப்படைக் கடிகாரம் 333 மெகாஹெர்ட்ஸ். கடிகாரத்தை 400 ஆக்கினால் 9 × 400 = 3.6 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். இது 20 விழுக்காடு உயர்வு. இத்தலைமுறையில் பிசிஐ எக்ஸ்பிரஸின் கடிகாரத்தைத் தனியே நிலைநிறுத்த முடியும். எனவே வட்டும் வரைகலை அட்டையும் பாதிக்கப்படாமல் செயலியின் வேகத்தை ஏற்றலாம். தடை தாய்ப்பலகையின் சிப்செட்டில்தான் உள்ளது. மலிவான ஜி31 போன்ற சிப்செட்டுகள் 333 மெகாஹெர்ட்ஸுக்கென வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேல் நெடுந்தூரம் ஏறுவதில்லை. பி45 போன்றவை 400ஐயும் தாண்டும்.

எல்ஜிஏ 1366

2010இல் வந்த ஜியான் எக்ஸ்5650, ஆறு கருக்களும் பன்னிரண்டு இழைகளும் கொண்டது. அடிப்படைக் கடிகாரம் 133 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 20, வேகம் 2.66 கிகாஹெர்ட்ஸ், மின்நுகர்வு வரம்பு 95 வாட். எக்ஸ்58 சிப்செட் கொண்ட மேசைக்கணினித் தாய்ப்பலகையில் எவ்வித மாற்றமும் இன்றிப் பொருந்தும். பலகையின் பயாஸ் மட்டும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடிப்படைக் கடிகாரத்தை 200 ஆக்கினால் 20 × 200 = 4.0 கிகாஹெர்ட்ஸ். பூட்டப்பட்ட சர்வர் செயலிகளை ஓவர்கிளாக் செய்வது குறித்த நம்பிக்கை பெரும்பாலும் இத்தலைமுறையின் வெற்றியால் உருவானதே. ஆயினும் இங்கும் பிணைப்புகள் உள்ளன. நினைவகத்தின் பெருக்கி 10 ஆக இருந்தால் 133 மெகாஹெர்ட்ஸில் 1,333 என்ற வேகம் கிடைக்கும். அதே பெருக்கியை விட்டுவிட்டுக் கடிகாரத்தை 200 ஆக்கினால் நினைவகம் 2,000க்குத் தள்ளப்பட்டு, கணினி திரையைக்கூடக் காட்டாமல் நின்றுவிடலாம். பெருக்கியை 6 ஆகக் குறைத்து 1,200இல் வைக்க வேண்டும். செயலியையும் சிப்செட்டையும் இணைக்கும் கியூபிஐ இணைப்பின் மிகக் குறைந்த பெருக்கி 36. அதனால் 200 மெகாஹெர்ட்ஸில் அது வினாடிக்கு 7.2 கிகாமாற்றங்கள் என்ற வேகத்தில் ஓடும்; குறிக்கப்பட்ட வேகம் 6.4 மட்டுமே. பலர் 4 கிகாஹெர்ட்ஸை எட்ட முடியாமல் நிற்பது கருக்களின் பலவீனத்தால் அன்று, இந்த இணைப்பு தாங்காததால்தான்.

2011க்குப் பின்: இ3 மற்றும் இ5

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் அடிப்படை மாற்றம் நிகழ்ந்தது. கடிகாரத்தை உருவாக்கும் சுற்று சிப்செட்டினுள் கொண்டுவரப்பட்டது. செயலி, பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யுஎஸ்பி ஆகிய அனைத்தும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்திலிருந்து வேகம் பெறத் தொடங்கின. அதை 103 அல்லது 105க்கு மேல் ஏற்றினால் வட்டு மறைந்துபோதல், யுஎஸ்பி சாதனங்கள் துண்டித்தல், இயக்குதளம் தொடங்காமை போன்றவை ஏற்படும்.

இ3-1230 வி3 ஓர் எடுத்துக்காட்டு. 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமும் 3.7 கிகாஹெர்ட்ஸ் டர்போ வேகமும் கொண்ட இச்செயலி எச்81, பி85, இசட்97 சிப்செட்டுகள் உள்ள மேசைக்கணினிப் பலகைகளில் நன்கு இயங்கும். ஆனால் இசட்97 போன்ற ஓவர்கிளாக்கிங் பலகைக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் பெருக்கி ஏறாது.

2012இல் வந்த இ5-2670, எட்டுக் கருக்களும் 2.6 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமும் கொண்டது. எல்லாக் கருக்களும் இயங்கும்போது டர்போவில் 3.0 வரை செல்லும். இது பொருந்தும் எக்ஸ்79 சிப்செட்டில் 100, 125, 166 மெகாஹெர்ட்ஸ் என்ற கடிகாரப் படிகள் உண்டு. 125 படியில் பிசிஐ எக்ஸ்பிரஸின் வேகம் மாறாமல் செயலியின் வேகம் மட்டும் ஏறும். ஆனால் பூட்டப்பட்ட இ5-2600 செயலிகள் இப்படிகளை ஏற்பதில்லை. பூட்டில்லாத இ5-1650க்கே அவை பயன்படும். எனவே இ5-2670இல் கிடைப்பது 103 × 30, அதாவது ஏறத்தாழ 3.09 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே.

ஹஸ்வெல் தலைமுறையின் டர்போ உத்தி

2014இல் வந்த இ5 வி3 செயலிகளில் வேறொரு வழி கண்டறியப்பட்டது. பயாஸிலிருந்து செயலிக்குரிய நுண்நிரலை நீக்கிவிட்டு, கணினி தொடங்கும்போது சிறு நிரல் ஒன்றை ஏற்றினால், ஓரிரு கருக்களுக்கு மட்டும் உரிய உச்ச டர்போ வேகம் எல்லாக் கருக்களுக்கும் கிடைக்கும். இ5-2680 வி3இன் பன்னிரண்டு கருக்களும் வழக்கமாக 2.9 கிகாஹெர்ட்ஸில் இயங்கும், இவ்வுத்தியால் 3.3 வரை செல்லலாம். இதில் பூட்டு உடைக்கப்படுவதில்லை. குறிக்கப்பட்ட உச்சத்திற்குள்ளேயே விதி தளர்த்தப்படுகிறது.

இதற்கும் விலை உண்டு. 120 வாட் என்ற மின்வரம்பு அப்படியே இருப்பதால் கடுமையான பணிகளில் வேகம் தானாகவே இறங்கும். பயாஸைத் தவறாக எழுதினால் தாய்ப்பலகை இயங்காமற்போகும். நுண்நிரல் நீக்கப்படுவதால், 2018இல் வெளிப்பட்ட ஸ்பெக்டர் போன்ற குறைகளுக்கான திருத்தங்களும் செயலிக்குக் கிடைப்பதில்லை. அடுத்து வந்த வி4 செயலிகளில் இவ்வுத்தி வேலை செய்வதில்லை.

ஸ்கைலேக் தலைமுறை

2015இல் வந்த ஸ்கைலேக்கில் பிசிஐ எக்ஸ்பிரஸின் கடிகாரம் மீண்டும் பிரிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் சில தாய்ப்பலகை நிறுவனங்கள் பூட்டப்பட்ட மேசைக்கணினிச் செயலிகளையும் அடிப்படைக் கடிகாரம் வழியாக ஓவர்கிளாக் செய்யும் பயாஸை வெளியிட்டன. 2016 தொடக்கத்தில் இன்டெல் நுண்நிரல் வழியாக அவ்வழியை அடைத்தது. அந்தப் பழைய பயாஸிலும் வெப்ப உணரி தவறாகக் காட்டுவது, மின்சேமிப்பு முறைகள் நின்றுபோவது, ஏவிஎக்ஸ் கட்டளைகள் மந்தமாவது ஆகிய பக்கவிளைவுகள் இருந்தன. ஜியான் இ3 வி5 செயலிகளோ சி232, சி236 சிப்செட்டுகளில் மட்டுமே இயங்குமாறு அமைக்கப்பட்டன. எச்110, இசட்170 போன்ற சாதாரணப் பலகைகளில் அவை இயங்குவதே இல்லை.

தாய்ப்பலகையால் வரும் தடைகள்

பொருத்துவாயில் செயலி பொருந்துகிறது என்பதற்காக அது இயங்கும் எனக் கொள்ள முடியாது. கீழ்க்காணும் நான்கும் தனித்தனியே சரிபார்க்கப்பட வேண்டும்.

1. பயாஸ்: செயலியின் அடையாளம் பயாஸில் இல்லையெனில் கணினி தொடங்காது. புதுப்பிக்க, அப்பலகை ஏற்கும் வேறொரு செயலி முதலில் தேவைப்படும்.

2. மின்சீராக்கிச் சுற்று: எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைச் செயலிக்குத் தேவையான சுமார் 1.2 வோல்ட்டாக மாற்றுவது இச்சுற்று. மலிவான பலகைகளில் இதன் மேல் வெப்ப உறிஞ்சிகூட இருப்பதில்லை. பத்தாண்டுக்கு மேல் பழகிய பலகையில் மின்தேக்கிகளும் தளர்ந்திருக்கும். செயலி குளிர்ச்சியாக இருந்தும் கணினி திடீரென நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

3. நினைவகம்: சர்வர்களில் பயன்படும் ரெஜிஸ்டர்டு வகை நினைவகப் பலகைகள் மிக மலிவு. ஆனால் பெரும்பாலான மேசைக்கணினிப் பலகைகள் அவற்றை ஏற்பதில்லை. இ3 வரிசைச் செயலிகளும் அவற்றை ஏற்பதில்லை.

4. வரைகலை: சர்வர் செயலிகள் பலவற்றில் உள்ளிணைந்த வரைகலை இல்லை. தனி வரைகலை அட்டை இன்றித் திரையில் எதுவும் தோன்றாது.

இணையத்தில் "எக்ஸ்79", "எக்ஸ்99" என்ற பெயரில் மலிவாக விற்கும் சில சீனப் பலகைகளில் அப்பெயருக்குரிய சிப்செட் இருப்பதில்லை. எச்61, பி75, கியூ87 போன்ற வேறு சிப்செட்டுகள் பழைய பலகைகளிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டிருக்கும். பயாஸில் ஓவர்கிளாக்கிங் பக்கம் காணப்பட்டாலும் அதிலுள்ள எண்களை மாற்றுவதால் பயன் இருக்கும் என உறுதி இல்லை.

வெப்பமும் மின்சாரமும்

செயலியின் மின்நுகர்வு கடிகார வேகத்தின் நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருபடி விகிதத்திலும் கூடுகிறது. எக்ஸ்5650ஐ 2.66இலிருந்து 4.0 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் வேகம் 1.5 மடங்காகிறது. அதற்காக மின்னழுத்தத்தை 1.20இலிருந்து 1.35 வோல்ட்டாக உயர்த்தினால், (1.35 ÷ 1.20)² = 1.27 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.9 மடங்கு. அதாவது 95 வாட் நுகர்ந்த செயலி சுமார் 180 வாட் நுகரும். வேகம் பாதி கூடியது. வெப்பமோ ஏறத்தாழ இரட்டிப்பானது.

தருமபுரியின் கோடையில் இக்கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஒரு கூலர் ஒவ்வொரு வாட்டுக்கும் 0.25 டிகிரி வெப்ப உயர்வை அனுமதிப்பதாகக் கொள்வோம். 180 வாட்டில் செயலி சுற்றுக்காற்றைவிட 45 டிகிரி அதிகச் சூடாகும். தரவு மையங்களுக்கு அஷ்ரே என்னும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு பரிந்துரைக்கும் காற்று வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி செல்சியஸ். 27 டிகிரியில் செயலி 72 டிகிரியில் நிற்கும். குளிரூட்டி இல்லாத அறையில் ஏப்ரல், மே மாதப் பிற்பகலில் காற்று 38 டிகிரியில் இருந்தால், அதே செயலி 83 டிகிரியை எட்டும். இச்செயலியின் மேலுறைக்கு இன்டெல் குறித்த உச்சம் 81.3 டிகிரி. கேபினட்டின் உட்காற்று அறைக்காற்றைவிடச் சூடாக இருக்கும் என்பதால் உண்மை நிலை இன்னும் மோசமாகும்.

ஓவர்கிளாக் செய்யாமல் 95 வாட்டில் இயக்கினால், அதே கூலருடன், அதே அறையில் வெப்பம் சுமார் 62 டிகிரி மட்டுமே. எனவே குளிர்நாட்டவர் ஒருவர் காட்டும் வெற்றியை நம் ஊர் அறையில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. டிசம்பரில் நிலையாக ஓடிய அமைப்பு மே மாதத்தில் நின்றுபோவதும் இதனால்தான்.

மின்கட்டணமும் கவனிக்கத்தக்கது. கூடுதலாகச் செலவாகும் 85 வாட்டை நாளொன்றுக்கு 5 மணி நேரம் என 60 நாட்களுக்குக் கணக்கிட்டால் 25.5 அலகுகள். தமிழ்நாட்டில் 2016 மே மாதம் அறிவிக்கப்பட்ட சலுகைப்படி வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகுகள் கட்டணமின்றி வழங்கப்பட்டன. அதில் கால் பங்கை இந்தக் கூடுதல் வேகமே எடுத்துக்கொள்ளும்.

வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். 180 வாட் செயலியுடன் 120 வாட் வரைகலை அட்டையும் பிற உறுப்புகளும் சேர்ந்தால் அந்த எல்லையை நெருங்கிவிடும். மின்தடை நேரும் கணத்தில் யுபிஎஸ் சுமை தாங்காமல் கணினியும் உடன் அணைந்துவிடும்.

நிலைத்தன்மையும் மறைந்த பிழைகளும்

ஓவர்கிளாக் செய்த கணினி உடனே நின்றுவிட்டால் அது சிறிய இழப்பு. தாய்ப்பலகையில் உள்ள சிமாஸ் ஜம்பரை மாற்றியோ, சிஆர்2032 மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி வைத்தோ பழைய நிலைக்குத் திரும்பலாம். ஓடிக்கொண்டே தவறு செய்யும் கணினிதான் ஆபத்தானது. கணக்கீட்டில் ஓர் இருமம் மாறலாம். சுருக்கிய கோப்பு ஒன்று பின்னர் திறக்காமற்போகலாம். கடிகாரம் சாட்டாவுடன் பிணைந்த தலைமுறைகளில் வட்டில் எழுதப்படும் தரவே சிதையலாம். இறுதியாண்டுத் திட்டப்பணியின் கோப்புகள் அந்த வட்டில் இருந்தால் இழப்பின் அளவைச் சொல்லத் தேவையில்லை.

சர்வர் செயலிகளின் சிறப்புகளுள் ஒன்று நினைவகப் பிழைகளைக் கண்டு திருத்தும் ஈசிசி வசதி. எச்81, பி85 போன்ற மேசைக்கணினிச் சிப்செட்டுகளில் அவ்வசதி செயல்படுவதில்லை. ஆகவே பிழை நேர்ந்தாலும் அறிவிக்க எவரும் இல்லாத நிலையில்தான் வேகம் கூட்டப்படுகிறது.

முயல்வோர் கடிகாரத்தை ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டும். நினைவகத்திற்கு மெம்டெஸ்ட்86, செயலிக்குப் பிரைம்95 ஆகியவை பரவலாகப் பயன்படும் சோதனை நிரல்கள். சோதனைக் காலத்தில் முக்கியக் கோப்புகள் உள்ள வட்டைக் கழற்றி வைப்பது நல்லது. நாளின் மிக வெப்பமான நேரத்தில் தேறிய அமைப்பையே நிலையானதாகக் கொள்ள வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

• செயலியின் முழுப் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். இ3-1230, இ3-1230 வி2, இ3-1230 வி3, இ3-1230 வி5 ஆகியவை பெயரால் ஒன்றுபோல் தோன்றினாலும் வேறுவேறு தலைமுறைகள்.

• தாய்ப்பலகை நிறுவனத்தின் செயலி ஆதரவுப் பட்டியலில் அப்பெயர் உள்ளதா, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து உள்ளது எனப் பார்க்க வேண்டும்.

• செயலியின் மேலுறையில் உள்ள குறியீடு விற்பனைக்குரியதா என அறிய வேண்டும். விற்பனைச் செயலிகளின் குறியீடு "எஸ்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். "கியூ" எனத் தொடங்குபவை சோதனை மாதிரிகள்; பல பலகைகளில் அவை இயங்குவதில்லை.

• ஓவர்கிளாக்கிங் நோக்கமெனில், பூட்டப்பட்ட எட்டுக் கருக்களைவிடப் பூட்டில்லாத ஆறு கருக்கள் பயனுள்ளவை. இ5-2670க்குப் பதில் இ5-1650ஐத் தேடலாம்.

• கூலர், எஸ்எம்பிஎஸ், தாய்ப்பலகை ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். செயலி மலிவாக இருப்பினும் அதனைத் தாங்கும் தாய்ப்பலகை மலிவாக இருப்பதில்லை.

வேகத்தைப் பெறும் பிற வழிகள்

பூட்டப்பட்ட செயலியிலும் பயன்படுத்தப்படாமல் கிடக்கும் வேகம் பெரும்பாலும் இருக்கும். பயாஸில் டர்போ அணைக்கப்பட்டிருந்தால் இயக்குவதே முதல் வேலை. இ3-1230 வி3இல் அது மட்டுமே 3.3இலிருந்து 3.7 கிகாஹெர்ட்ஸ் வரை, 12 விழுக்காடு உயர்வைத் தரவல்லது. உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட்டு, கூலரில் படிந்த தூசியை நீக்கினால், வெப்பத்தால் வேகம் குறைவது நிற்கும். இ5 செயலிகள் நான்கு நினைவகத் தடங்கள் கொண்டவை. ஒரே பெரிய நினைவகப் பலகைக்குப் பதில் நான்கு சிறிய பலகைகளைப் பொருத்தினால் நினைவகத்தின் தரவுப் பாய்வு கூடும். சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவது அன்றாடப் பயன்பாட்டில் எல்லாவற்றையும்விடக் கண்கூடான மாற்றத்தைத் தரும்.

பணியின் தன்மையையும் பார்க்க வேண்டும். காணொளி மாற்றம், முப்பரிமாண உருவாக்கம், பெரிய நிரல்களைத் தொகுத்தல் ஆகியவை பல கருக்களைப் பயன்படுத்துபவை. இவற்றில் பழைய சர்வர் செயலி ஓவர்கிளாக்கிங் இன்றியே நன்கு உழைக்கும். ஒரு கருவின் வேகத்தையே நம்பியுள்ள விளையாட்டுகளிலும் பழைய மென்பொருள்களிலும் புதிய நான்கு கருச் செயலியே முந்தும்.

இறுதியாக ஒரு கணக்கு. 2011க்குப் பிந்தைய பூட்டப்பட்ட செயலியில் கடிகாரத்தை 100இலிருந்து 103 ஆக்கி, அது நிலையாகவும் ஓடுகிறது எனக் கொள்வோம். ஒரு மணி நேரம் பிடித்த காணொளி மாற்றம் 58 நிமிடம் 15 வினாடியில் முடியும். மிச்சமாவது ஒன்றே முக்கால் நிமிடம். வட்டிலுள்ள தரவுக்கு நேரக்கூடிய ஆபத்தை அந்த ஒன்றே முக்கால் நிமிடத்தோடு எடைபோட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.